அந்த சிக்ஸரை அடித்தது யார்?

கேள்வி: 1996 உலகக்கிண்ண இறுதியாட்டத்தை அரவிந்த டி சில்வா சிக்ஸர் அடித்துத்தான் முடித்தார். வீட்டில் நாலு பேரும் ரிவியில் பார்த்தோம். யூடியூபில் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. இது ‘மண்டேலா எஃபெக்ட்’, மண்டேலா சிறையிலேயே செத்ததாகப் பலருக்கு ஞாபகம் இருப்பதுபோல, சமாந்தர உலகத்தின் தடயம் என்கிறான் மகன். நாலு பேருக்குமா ஞாபகம் பிழைக்கும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பிழைக்கும். நாலாயிரம் பேருக்கும் பிழைக்கும்.

லாகூரில் கடைசி அடி அர்ஜுன ரணதுங்கவுடையது. மெக்ராவின் பந்தைத் தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டார், பவுண்டரி. மறுமுனையில் நின்ற அரவிந்தவின் 107 ஓட்டங்களில் ஒரு சிக்ஸர்கூட இல்லை. ஆனால் சிக்ஸரில் முடிந்த ஓர் இறுதியாட்டம் உண்டு. 2011, மும்பை, நம்முடைய குலசேகரவின் பந்து, அடித்தவர் தோனி. (மறக்க வேண்டியதை மட்டும் மறக்கமாட்டோம்!) அந்தக் காட்சிதான் உங்கள் 1996க்குள் புகுந்திருக்கிறது என்பது என் ஊகம். பார்த்தது மனதில் தங்கும். எப்போது பார்த்தோம் என்பது கழன்றுவிடும். சதமடித்தவரே முடித்திருக்கலாமே என்ற ஆசை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

1992 ஒக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. மோதிய கணத்தை யாரும் படம்பிடிக்கவில்லை. பின்னர் உளவியலாளர் குரொம்பாக்கும் சகாக்களும், ‘விமானம் மோதுவதை ரிவியில் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். 55 சதவீதமானோர் பார்த்ததாகச் சொன்னார்கள். இல்லாத படத்தை! கேள்வியே பாதிப் படத்தைக் காட்டிவிட்டது. மீதியைச் செய்திகளும் அக்கம்பக்கத்துப் பேச்சும் நிரப்பின.

உங்கள் நால்வரும் இத்தனை வருடமாக ஒரே ஹோலில் இருந்து ஒரே கதையைச் சொல்லிச் சொல்லித் திருத்தியவர்கள். இதை நாலு சாட்சி என்று எந்த நீதவான் ஏற்பார்?

சரி, பேசிவைக்காமலும் ஒரே பிழை வருவதுண்டு. ‘போக்கிமொன்’ கார்ட்டூனில் வரும் பிக்காச்சுவின் வால் நுனி என்ன நிறம் என்று மகனிடம் கேளுங்கள். கறுப்பு என்பான், பாருங்கள். அது மஞ்சள். 2022இல் வெளியான உளவியலாளர் பெயின்பிரிட்ஜின் ஆய்வில் 40 படங்களில் 7க்கு இப்படிப் பலரும் ஒரே தவறான வடிவத்தைத் தேர்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒற்றைக் காரணம் அகப்படவில்லை. அதற்காகச் சமாந்தர உலகத்துக்கு ஓடத் தேவையில்லை. மண்டேலாவும் சிறையில் சாகவில்லை. 1990இல் வெளியே வந்தார், ஜனாதிபதியானார், 2013இல்தான் காலமானார்.

அப்புறம், நால்வரையும் தனித்தனியே இருத்தி, அந்த சிக்ஸருக்குப் பந்து போட்டது யாரென்று எழுதச் சொல்லுங்கள். யாராவது குலசேகர என்று எழுதினால் எனக்கு அறிவியுங்கள்.