வயிற்றில் ஆபரேஷன், பித்தப்பையில் கல்லா?

கேள்வி: புற்றுநோய்க்காக என் கணவருக்கு இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. 14 கிலோ இளைத்துவிட்டார். அப்போது பித்தப்பையில் கல் இல்லை, போன வார ஸ்கேனில் இருக்கிறது. வலி எதுவும் இல்லை. டாக்டர் தவறு செய்துவிட்டாரா? எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன், உறவினர்கள் வாழைத்தண்டு கொடுக்கச் சொல்கிறார்கள்.

- வாசகி, கரூர்

பதில்: வாழைத்தண்டை முதலில் முடித்துவிடுவோம். ஊரில் அதைச் சொல்வது சிறுநீரகக் கல்லுக்கு, இது வேறு கல், வேறு பாதை. அதோடு இரைப்பை குறைந்தவர்களுக்கு அந்த நார் உள்ளே திரண்டு அடைத்துக்கொள்ளவும் கூடும், வேண்டாம்.

டாக்டர் மேல் தவறில்லை. கல்லீரல் தினமும் அரை முதல் ஒரு லிட்டர் பித்தநீர் சுரக்கிறது, அதில் கொஞ்சத்தைச் சுண்டவைத்து வைத்திருக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாடு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, பையைச் சுருங்க வைக்கும். புற்றுநோய் ஆபரேஷனில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது பித்தப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பின் கிளையும் பெரும்பாலும் அறுபட்டுவிடும், பை தொய்ந்துபோகும். குடலை மாற்றி இணைத்திருந்தால் சாப்பாடு அந்த முதல் பகுதியைத் தொடாமலே போகிறது, ஹார்மோனும் சரியாகக் கிளம்பாது. போதாக்குறைக்கு வேகமாக இளைத்தால் பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடும். அசைக்காத நல்லெண்ணெய் ஜாடியின் அடியைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி முதலில் மண்டி, அப்புறம் கல்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். சுத்தமாக நிறுத்தினால் பைக்குச் சுருங்க வேலையே இல்லை, தேக்கம் கூடத்தான் செய்யும், இளைத்த உடம்புக்கும் நல்லதில்லை. தாளிக்க ஒரு ஸ்பூன், இட்லிப் பொடிக்கு ஒரு ஸ்பூன் என்று வேளைக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள். பூரி, பஜ்ஜி மட்டும் வேண்டாம், கல் இருக்கும் பை திடீரென்று இறுகினால் வலி வரலாம்.

வலி இல்லாத கல்லைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலி மணிக்கணக்கில் நின்றாலோ, குளிர்க்காய்ச்சல், மஞ்சள் கண், டீ நிறச் சிறுநீர் என்று எது வந்தாலோ கீழாநெல்லி தேடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கல் நழுவிப் பித்தக்குழாயில் மாட்டினால் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பது வழக்கம், குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு அந்த வழி சுலபமாக எட்டாது, எப்படி இணைத்தார்கள் என்று அந்தத் தாளில்தான் இருக்கும்.