கப்பலில் வராத குமட்டல் கரையில் இறங்கினால் ஏன் வருகிறது?

சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் என்று நான்கைந்து நாள் சுற்றிவருவது சென்னைக் குடும்பங்களுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. இந்த வாரக் கேள்விகள் நான்குமே அந்தப் பயணத்தைப் பற்றியவை.

கேள்வி: போன வருடம் மே மாதம் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போனோம். கப்பலில் என் மனைவிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. புக்கெட்டில் தீவுகளைச் சுற்றிக்காட்டும் கரைச் சுற்றுலாவை ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய் கொடுத்துக் கப்பலிலேயே வாங்கினோம். சின்னப் படகில் கரைக்கு வந்து, வேனில் கொஞ்ச தூரம் போய், ஸ்பீட் போட்டில் ஏறினோம். அதோடு வாந்தி தொடங்கிவிட்டது. தீவில் ஒரு மரத்தடியில் படுத்துக் கிடந்ததுதான் மிச்சம். சென்னையிலிருந்தே வாந்தி மாத்திரை வாங்கிப் போயிருந்தோம், அதைப் போட்டும் பயனில்லை. வருகிற டிசம்பரில் மாமியாரையும் (வயது 68) ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறோம். எதை வாங்கலாம், எதை விடலாம்?
— வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் மனைவிக்குக் கப்பல் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதது, இறங்கிய பிறகு ஏறிய வாகனங்கள். பெரிய கப்பலின் அடிப்பகுதியில் இரு பக்கமும் துடுப்பு மாதிரியான அமைப்புகள் நீண்டு, பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கின்றன. டெண்டர் என்று சொல்லும் சிறு படகுக்கும் ஸ்பீட் போட்டுக்கும் அந்த வசதி கிடையாது. உட்காது 'ஆடுகிறோம்' என்கிறது, படகின் உள்பக்கத்தையோ போன் திரையையோ பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இரண்டு செய்தியும் மூளையில் மோதும்போது வயிற்றைப் பிரட்டுகிறது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பீட் போட் வேகமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும்போதுகூடப் பலர் சமாளித்துவிடுவார்கள். எங்கேயாவது நிறுத்தினால்தான் ஆபத்து. ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும் அசைவுதான் மனித உடம்புக்கு மிகவும் ஒவ்வாதது. பீ பீ தீவுக்குப் பக்கத்தில் வைக்கிங் குகையைக் காட்டுவதற்காகப் படகை நிறுத்தியபோது என் தங்கைக்கு நடந்தது இதுதான். முதலில் மூன்று நான்கு கொட்டாவி. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள். படகுப் பையன் அதற்குள் கறுப்பு பிளாஸ்டிக் பையைப் பிரித்து அவள் மடியில் வைத்துவிட்டான். தினமும் பார்க்கிறவனுக்கு அந்தக் கொட்டாவியிலேயே தெரிந்துவிட்டது.

அதனால் கரைச் சுற்றுலாவைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், வாகனத்தைப் பார்த்து வாங்குங்கள். பணம் கட்டும்முன் கேளுங்கள்: கப்பல் துறையில் நிற்குமா, டெண்டரில் இறங்க வேண்டுமா? அதற்குப் பிறகு எந்த வண்டி, எத்தனை நிமிடம்? தண்ணீரில் மொத்தம் எவ்வளவு நேரம்? படகு நடுவில் நிற்குமா? இடையில் முடியாமல் போனால் கரையிலேயே இருந்துவிட முடியுமா? விளம்பரத்தில் 'எட்டு மணி நேரம்' என்று போட்டிருக்கும். அதில் உட்கார்ந்து ஆடுவது எத்தனை மணி, நடப்பது எத்தனை மணி என்பதைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். தெளிவாகச் சொல்லாத இடத்தில் வாங்க வேண்டாம்.

உங்கள் வழித்தடத்துக்கே வருகிறேன். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். டெண்டர் தேவையில்லை. நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். குயீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, காலையில் இட்லியும் கிடைக்கும். பினாங்கு மலைக்குக்கூடக் கொண்டை ஊசி வளைவு இல்லாமல், கயிற்றால் இழுக்கும் ரயிலில் ஏறலாம். கொல்லிமலையின் எழுபது வளைவுகளை நினைத்தாலே வயிறு புரளுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இங்கே காசு கொடுத்துச் சுற்றுலா வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

புக்கெட் வேறு கதை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கரைக்கு அப்பால் நங்கூரம் போடும், டெண்டரைத் தவிர்க்க முடியாது. அது சில நிமிடங்கள்தான். அதற்கு மேல் கடலை நீட்டிக்காமல், சாலோங் கோயில், பழைய புக்கெட் நகரம் என்று தரையிலேயே இருக்கும் சுற்றுலாவை எடுங்கள். பட்டோங்கிலிருந்து ஊருக்குள் போக ஒரு குன்றைத் தாண்ட வேண்டும், வளைவுகள் உண்டு. மாமியாரும் மகளும் வேனில் முன் இருக்கையில் உட்காரட்டும். கடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், திறந்த கடலில் இருக்கும் பீ பீயைவிடச் சுற்றிலும் நிலம் அணைத்திருக்கும் பாங் ஙா விரிகுடா அமைதியானது. போன தடவை நீங்கள் போனது மே மாதம், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அந்தப் பக்கத்துக் கடல் அக்டோபர் வரை கொந்தளிக்கும். டிசம்பரில் நிலைமை நன்றாக இருக்கும்.

அடுத்தது மாத்திரை. கடையில் 'வாந்தி மாத்திரை' என்று கேட்டால் பெரும்பாலும் ஒண்டான்செட்ரான்தான் கையில் வரும். வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கும் நல்ல மருந்து அது. பயண வாந்தி தொடங்குவது உட்காதிலிருந்து, அங்கே அது அவ்வளவாக வேலை செய்வதில்லை. உங்கள் மனைவிக்குக் கிடைத்தது அதுவாக இருக்கலாம், பழைய அட்டையோ பில்லோ இருந்தால் பெயரைப் பாருங்கள். பயணக் குமட்டலுக்கென்று உள்ளவை ப்ரோமெதசின், சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்றவை. நம் ஊரில் அவோமின் என்று விற்பது ப்ரோமெதசின் வகைதான். கடையில் 'பஸ்ஸில், படகில் வரும் வாந்திக்கு' என்று சொல்லியே கேளுங்கள். அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துப் பார்த்து, பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குமட்டல் ஆரம்பித்த பிறகு விழுங்கும் மாத்திரை பல நேரம் வாந்தியோடு வெளியே வந்துவிடும். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். டெண்டரில் ஏறும் நேரம் காலை எட்டு என்றால், ஆறரை மணிக்கு. இந்த மாத்திரைகள் எல்லாமே ஏறக்குறையத் தூக்கம் வரவழைப்பவை. அதனால் பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒன்று போட்டுப் பாருங்கள். எவ்வளவு அசத்துகிறது என்று தெரிந்துவிடும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம், மதுவும் கூடாது.

மாமியாருக்கும் குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். வயதானவர்களுக்கு இவற்றால் குழப்பம், தள்ளாட்டம், சிறுநீர் சரியாகப் போகாமை வரலாம். கண் அழுத்த நோய் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ப்ரோமெதசினை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. ஆறு வயதுக்கு எடையைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். பயணக் குமட்டல் அதிகம் வருவது இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் என்பதால், குழந்தை 'வயிறு என்னமோ பண்ணுது' என்றால் உடனே நம்புங்கள். மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் சேர்த்தே கைப்பையில் வையுங்கள். பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

சாப்பாட்டில், வெறும் வயிறும் தவறு, கப்பலின் காலை விருந்தில் பூரியும் கிழங்குமாக நிரப்பிக்கொள்வதும் தவறு. இரண்டு இட்லி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவு போதும். இஞ்சி மொரப்பா ஒரு பொட்டலம் எடுத்துப் போங்கள். நம் பஸ் ஸ்டாண்டுகளில் அதைக் கூவி விற்பதில் காரணம் இருக்கிறது, இஞ்சி பலருக்குக் குமட்டலைத் தணிக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதிகமாக வேண்டாம். படகில் நடுப்பகுதியில், தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். போனில் வீடியோ எடுக்கும் ஆசையை அன்று ஒருநாள் மகளும் அப்பாவும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பயணக் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் மூலிகைப் பட்டையும், கையில் கட்டும் பட்டையும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை என்று டாக்டர்கள் சொல்வது ஸ்கோபோலமைன் மருந்து ஊறிய பட்டையை. பயணத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். அது டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து. ஆன்லைனில் அதே தோற்றத்தில் வரும் மூலிகைப் பட்டை அது ஆகாது. பெயரும் படமும் ஒன்றுபோல இருப்பதால் ஏமாறுகிறோம்.

மணிக்கட்டுப் பட்டை உள்பக்கத் தசைநாண்களுக்கு நடுவே ஓர் இடத்தை அழுத்துகிறது. ஆய்வுகளின் முடிவு கலவையாகவே இருக்கிறது. தீங்கில்லை, விலையும் குறைவு. மாத்திரை சாப்பிட முடியாதவர் வாங்கிப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஸ்பீட் போட்டில் ஏற வேண்டாம்.

எதை வாங்கினாலும் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாத பொருளை வாங்கவே வேண்டாம். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் நிறுவனம் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: மும்பையில் உள்ள ஏஜென்ட் மூலம் கப்பல் பயணமும் கரைச் சுற்றுலாவும் சேர்த்து வாங்கினோம். 'கடற்கரை அழகைக் காணும் பயணம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அங்கே போன பிறகுதான் இரண்டு மணி நேரம் ஸ்பீட் போட் என்று தெரிந்தது. அம்மாவுக்கு முடியாது என்று முதல் நாள் மாலையே சொல்லியும் பணம் திரும்பாது என்கிறார்கள்.
— வாசகர், அண்ணா நகர்

பதில்: குமட்டல் வரும் என்று பயந்து கடைசி நேரத்தில் விலகினால் பொதுவாகப் பணம் திரும்பாது. ரத்து செய்ய எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் உங்கள் விஷயம் அதுவல்ல. படகு என்ற முக்கியமான தகவலைச் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதைக் கேட்க இடமிருக்கிறது.

விளம்பரப் பக்கத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, முதல் நாள் மாலை சொன்னதற்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் ஏஜென்டுக்கு எழுத்தில், தேதி குறிப்பிட்டுப் பதில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜென்ட் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும்.

கேள்வி: கப்பல் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஆகிறது. குளிக்கும்போது தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது. பிரஷர் ஏறிவிட்டதா என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: கடல் ஆட்டத்துக்குப் பழகிய மூளை, தரைக்குத் திரும்பப் பழக ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். குளியலறையில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு ஊற்ற வேண்டாம். சந்தேகம் தீர பிரஷரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி ஏதாவது சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108-ஐ அழையுங்கள்.