ஐப்பசி அடைமழை, மார்கழிப் பனி, கூரை மடங்கும் கார்: செட்டிநாட்டுக் கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் கூரை மடங்குகிற கார் வைத்திருப்பவர்களும், வெளியூரில் இருந்துகொண்டு ஊர் வீட்டில் காரை விட்டுவைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நம் பக்கம் மார்கழி விடியலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதனால் குளிருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஐப்பசியில் வந்து தை வரைக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிற ஈரம்தான் காரைத் தின்கிறது.

கானாடுகாத்தான், சென்னையில் வேலை: என்னிடம் துணிக்கூரை பிஎம்டபிள்யூ இசட்4 இருக்கிறது. மூன்று மாதம் ஊர் வீட்டுக் கொட்டகையில் விட்டுப் போகிறேன். கூரையை மடித்து வைக்கலாமா, மூடி வைக்கலாமா?

மூடித்தான் வைக்க வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் துணி நிரந்தரமாகச் சுருங்கும். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணக் கறையை எடுத்துவிடலாம், வாடை போகாது.

விட்டுப் போவதற்கு முன்னால் கூரையைக் கழுவுங்கள். பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், மிதமான சோப்பு போதும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். சர்வீஸ் நிலையத்தில் பிரஷர் கன்னைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுவர விடாதீர்கள், தையல் பிரிந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சரி. துணி தண்ணீரைக் குடித்தால், துணிக்கூரைக்கென்றே விற்கும் நீர்க்காப்பு ஸ்பிரே அடிக்கும் நேரம் வந்துவிட்டது.

அதைவிட முக்கியம் வடிகால். கூரையில் விழும் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரு பள்ளத்தில் சேர்ந்து, குழாய் வழியாகக் காருக்கு அடியில் போகும். அந்த ஓட்டையை அடைக்க நாலு முருங்கை இலையும் கொஞ்சம் செம்மண்ணும் போதும். அடைத்தால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் தேங்கும், கதவுக்குக் கீழே உள்ள தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியும்போது காரியம் மிஞ்சியிருக்கும். 2002 முதல் 2008 வரை வந்த முதல் தலைமுறை இசட்4-இல் கூரையைத் தூக்கும் மோட்டாரே இடது பக்க வடிகால் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே அடைத்தால் மோட்டார் முழுகிச் செத்துப்போகும். செலவு சின்னதில்லை. மெல்லிய, வளையும் நைலான் நரம்பை விட்டு மெதுவாகக் குத்துங்கள். கம்பி விட்டால் குழாய் கிழியும், கம்ப்ரெசர் காற்று அடித்தால் குழாய் கழன்றுகொள்ளும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடியில் குனிந்து பாருங்கள், இரண்டு பக்கமும் வடிய வேண்டும்.

தேவகோட்டை: வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். போதும்தானே?

வேண்டாம் தம்பி, அதைவிடத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஐந்து நிமிஷத்தில் எஞ்சினும் சைலன்சரும் முழுச் சூடு ஏறாததால் அந்த நீர் ஆவியாகாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்ப வந்து சேராது. அதோடு, கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது அவர் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால், மழை விட்ட நாளில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரட்டும். டயரும் உருளும், பிரேக் டிஸ்க்கில் படிந்த துருவும் தேய்ந்து போகும். இல்லையென்றால் பேட்டரிக்குத் தொடர்ந்து மெல்ல ஏற்றும் தானியங்கி சார்ஜரை மாட்டிவிடுங்கள். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. ஆளில்லாத வீடு என்று மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், சார்ஜர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீடானால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பதே மேல். பேட்டரி டிக்கிக்குள் இருக்கிற காரா? கழற்றிய பிறகு டிக்கியைச் சாத்துவதற்கு முன், கையால் திறக்கும் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுதாக ஏறிய பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. அதற்குக் கீழே போகவிட்டால் ஆயுள் குறையும்.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கார் எங்கள் வீட்டுப் பின்கட்டில், பின் தெருப் பக்கம் நிற்கிறது. எலி வந்து வயரைக் கடிக்கிறது. கார் நின்ற இடத்தில் ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய்க் கறையும் விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

ஆச்சி, கல்லுக்குத்தான் எனக்கும் வருத்தம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத சிமெண்டுக் கல், எண்ணெயைக் குடித்துவிடும். புதுக் கறையானால் சுண்ணாம்புத் தூளோ கோலமாவோ கனமாகத் தூவி ஒரு நாள் விட்டுக் கூட்டுங்கள், கொஞ்சம் உறிஞ்சும். ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், கல்லின் நிறமே போய்விடும். இனி காருக்கு அடியில் ஒரு தகர ட்ரே வையுங்கள்.

எலிக்கு: முதலில் அந்தக் கட்டில் நெல், புளி, பழைய சாக்கு எதுவும் வேண்டாம். தீனி இருக்கிற இடத்துக்குத்தான் அது வரும், காரில் கூடு கட்டுவது அடுத்த வேலை. சைலன்சர் வாயிலும் காற்று போகும் வாயிலும் கம்பி வலையைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். வைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டவும் சொல்லுங்கள். எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் வேறு வம்பு. பாச்சை உருண்டையைக் காருக்கு வெளியே தரையில் போடலாம், உள்ளே போட்டால் அந்த நெடி வருஷக்கணக்கில் போகாது. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ரெண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும்.

இன்னொன்று. பழைய சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு ஈரத்தோடு காரின் மேல் விழுந்தால் பெயின்ட்டை அரிக்கும், வௌவால் எச்சமும் அப்படித்தான். அதற்காகத் தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிடாதீர்கள், உள்ளே வியர்த்துப் போகும். காற்றுப் போகிற துணி உறைதான் வேண்டும். ஓடு ஒழுகுகிற இடமானால் தார்ப்பாயைக் காருக்கு மேலே, உயரத்தில் பந்தல் மாதிரிக் கட்டுங்கள்.

கோட்டையூர்: ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தலாமா? டயருக்கு எவ்வளவு காற்று?

போட வேண்டாம். ஈரத்தில் பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காற்று வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ கூட இருக்கட்டும், எடுத்து ஓட்டும்போது குறைத்துக்கொள்ளலாம்.

லண்டன், சொந்த ஊர் கண்டனூர்: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் மாடல். பின் கண்ணாடி பிளாஸ்டிக். டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்கு வருகிறேன். காரை எப்படி விட்டு வருவது?

உங்களுக்குத்தான் நிஜமான குளிர்காலம், அதனால் கணக்கே வேறு. குளிரில் அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி விறைத்துப் போகும், அப்போது மடித்தால் கீறல் விழுந்து உடையும். வெயில் இல்லாத நாளில் மடிக்கவே வேண்டாம். மடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைத் தட்டையாகப் படுக்க வைத்து, மேலே ஒரு பழைய எட்டு முழ வேட்டியை விரித்துவிட்டுக் கூரையை இறக்குங்கள்.

அங்கே சாலையில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்போடு காரை நிறுத்திவிட்டு விமானம் ஏறினால் திரும்பும்போது அடிப்பாகம் துருவேறத் தொடங்கியிருக்கும். கிளம்புவதற்கு முன் அடியை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். கூலன்ட்டில் தண்ணீரும் ஆன்டிஃப்ரீஸும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35 டிகிரி வரைக்கும் தாங்கும். நம் ஊரில் சிலர் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுவார்கள், அங்கே அப்படி ஊற்றினால் எஞ்சின் பிளாக்கே வெடிக்கும். கோடைக்கால டயர் 7 டிகிரிக்குக் கீழே கெட்டிப்பட்டுப் பிடிமானம் குறைந்துவிடும், திரும்பி வந்த அன்றே வேகம் பார்க்காதீர்கள். சாலை வரியை நிறுத்தி எஸ்ஓஆர்என் (கார் சாலையில் ஓடாது என்று அரசுக்குக் கொடுக்கும் அறிவிப்பு) பதிவு செய்வதானால் கார் தெருவில் நிற்கக் கூடாது, சொந்த இடத்தில் நிற்க வேண்டும்.

காரைக்குடி: ஐயா காலத்து எம்ஜி ஒன்று இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. பெட்ரோலை வடித்துவிட வேண்டுமா?

இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் ஹோஸையும் கேஸ்கெட்டையும் அது கெடுக்கும். இரண்டு மூன்று மாதம் என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். அதற்கு மேல் நிற்குமென்றால் வடித்துவிடுங்கள். எப்படியானாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்க விடாதீர்கள். ஹோஸை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும். வடித்த பெட்ரோலைக் கேனில் ஊற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டாம். சுற்றிலும் பர்மா தேக்கு, ஒரு பொறி போதும்.

பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

குன்றக்குடி: மார்கழி விடியலில் பிள்ளையார்பட்டிக்குக் கூரையைத் திறந்துகொண்டு போக ஆசை. வீட்டில் ‘சளி பிடிக்கும்’ என்கிறார்கள்.

தாராளமாகப் போங்கள். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரைக் காலுக்கு வையுங்கள். முகத்தில் குளிர்ந்த காற்று, முழங்காலில் இளஞ்சூடு, திறந்த கார் வாங்கியதற்கான பலன் அப்போதுதான் தெரியும். குளிர்காற்று பின்னாலிருந்துதான் சுழன்று வந்து கழுத்தில் அடிக்கும், அதனால் இருக்கைகளுக்குப் பின்னால் வலைத்தடுப்பு மாட்டுங்கள். வீட்டம்மாவுக்கு ஒரு மப்ளர்.

ஆனால் இரவு வெளியில் நின்ற கார் என்றால் கூரை பனியில் நனைந்திருக்கும். துடைத்துக் காயவிட்டுத்தான் மடிக்க வேண்டும். வழியில் தூறினால், ஓடும்போது தூறலில் பாதி தலைக்கு மேலே பறந்து போகும். வேகத்தடையில் நின்றீர்களோ, நனைந்தீர்கள். மூன்றாம் தலைமுறை இசட்4-இல் 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே சுமார் 10 விநாடியில் மூடலாம், மினியில் 30 கிலோமீட்டர் வரை, 18 விநாடி. கூரையைக் கையால் மூடும் மஹிந்திரா தார் போன்ற வண்டியில் வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தையில் பழநிக்குக் காவடியோடு நடப்பவர்கள் குன்றக்குடியில் சேர்ந்துதான் கிளம்புகிறார்கள். அந்த நாட்களில் இருட்டோடு கிளம்பினால் லோ பீமில், மெதுவாகப் போங்கள். அந்த நேரத்தில் ஹாரனும் வேண்டாமே.

புதுவயல்: கதவு ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. தூசி ஒட்டும், எறும்பு வரும், ரப்பரும் ஊதும். சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

காரைக்குடி: என்னுடையது சான் ஸ்டார்ம். ஃபைபர் பாடிதானே, துருக் கவலை இல்லையே?

பாடிக்கு இல்லை. சஸ்பென்ஷன், பிரேக் குழாய், நட்டு, போல்ட் எல்லாம் இரும்புதான். ஃபைபரை நம்பி அடியில் குனிந்து பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். கோவாவில் கொஞ்சமாகத் தயாராகி நின்றுபோன கார் அது, பாடி உதிரி கிடைப்பது கஷ்டம். ரெனோ எஞ்சின் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் வழி உண்டு. பத்திரமாக வையுங்கள், விற்காதீர்கள்.

ஆ.தெக்கூர்: தை முகூர்த்தத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு என் காரைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் ஓட்டுவது நீங்களாக இருங்கள். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊரும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடியே போனால் கருகும். கொஞ்சம் இடைவெளி விட்டு, உருண்டு, நின்று, மறுபடி உருளுங்கள். மாப்பிள்ளை ‘எல்லோருக்கும் தெரிய வேண்டும்’ என்று கூரை மடங்கும் மூடியின் மேல் ஏறி உட்காரப் பார்ப்பார், அது ஆள் கனம் தாங்குவதற்குச் செய்ததில்லை. மாமன் முறைக்காரர் யாரையாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நீங்கள் சொன்னால் மனஸ்தாபம். பூவைப் பருத்தி நூலால் கட்டச் சொல்லுங்கள், டேப் ஒட்டினால் பெயின்ட்டில் தடம் விழும். வெள்ளைத் தோல் இருக்கையானால் ஒரு விரிப்புப் போடுங்கள், குங்குமம் விழுந்தால் போகாது. வாணம் விடும் இடத்தைத் தாண்டும்வரை கூரையை மூடச் சொன்னாலும் தப்பில்லை. மூடிய துணிக்கூரையிலும் ஒரு பொறி விழுந்தால் ஓட்டைதான், ஆனால் மடியில் விழுவதைவிடப் பரவாயில்லை. தீபாவளிக்கும் இதே எச்சரிக்கை.

தேவகோட்டை: மழை முடிந்து தையில் தொண்டி வரை ஒரு ஓட்டம் போக வேண்டும். தாழ்ந்த காருக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சீமைக் கருவேல முள். மழைக்குப் பின் ஓரத்தில் வெட்டிப் போட்டிருப்பார்கள், ஒதுங்கி நிறுத்தினால் பஞ்சர் நிச்சயம். பல ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டெப்னியே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். கடலோரத்தில் நின்றுவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள்.

அறுவடை நேரத்தில் கிராமச் சாலையில் கதிரும் உளுந்துச் செடியும் காயப்போட்டிருந்தால் அதன் மேல் ஏற்றாதீர்கள். உயரமான வண்டிக்கு ஆபத்து குறைவு. தாழ்ந்த காரில் வைக்கோல் அடியில் சுருண்டு, புகையைச் சுத்தம் செய்யும், கொதிக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் மாட்டித் தீப்பிடிக்கலாம். இறங்கி, களத்துக்காரரிடம் ஓர் ஓரமாக வழி கேளுங்கள், தள்ளிக் கொடுப்பார்கள். மேல் ஏறித்தான் வந்தீர்கள் என்றால் அடுத்த நிழலில் நிறுத்தி, அடியில் ஒட்டியிருப்பதைக் குச்சியால் இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கையை விடாதீர்கள், சைலன்சர் சுடும்.