'பாண்டி' என்றதும் கை ஓங்கும் பையனுக்கு எதைக் கற்றுத் தருவது?

ஓர் ஆசிரியர் கேட்டது இது: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ், மலையாளம் இரண்டு வழியும் உள்ள பள்ளி. எட்டு, ஒன்பதாம் வகுப்பில், தமிழ்ப் பிள்ளைகளை இழிவாக 'பாண்டி' என்று கூப்பிடும் கேலியும் கைகலப்பும் ஓயவில்லை. சமூகத் திறன் வகுப்பு எடுத்தால் குறையுமா?

குறையும். ஆனால் அசெம்பிளியில் ஒற்றுமை பற்றிப் பேசுவதால் அல்ல. நீச்சல் மாதிரி, இறங்கிப் பழகினால்தான் வரும். வாரம் ஒரு பீரியட், எட்டு வாரமாவது ஒதுக்குங்கள். விளக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். நீங்கள் ஒருமுறை நடித்துக் காட்டிவிட்டு, மூன்று மூன்று பேராக அவர்களைச் செய்யவிடுங்கள்.

சட்டென்று கை ஓங்குகிறவர்களிடம் "கோபத்தை அடக்கு" என்பது வெறும் உத்தரவு. காது சூடாகிறதா, விரல் மடங்குகிறதா, கோபம் உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்பதை அவரவரே கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரே வரி எழுதச் சொல்லுங்கள்: "எவனாவது 'பாண்டி' என்றால், மூச்சை மெதுவாக விட்டு, 'அப்படிக் கூப்பிடாதே' என்று சொல்லிவிட்டு நகர்வேன்." "இனி பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுங்கள், எப்போது, என்ன செய்வான் என்பது அதில் இல்லை. அதே வரியை மலையாளத்திலும் வாய்விட்டுப் பழகட்டும்: "அங்ஙனெ விளிக்கண்ட." ஆத்திரத்தில் இரண்டாவது மொழி நாக்கில் வராது, அந்த இடைவெளியில் கை முந்திக்கொள்ளும்.

பாதிப் பயிற்சி வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துச் செய்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், உடனிருந்த பிள்ளைகள் தலையிட்டபோது 57 சதவீதத் தடவை துன்புறுத்தல் பத்து நொடிக்குள் நின்றது. (அவர்கள் சிறு வகுப்புப் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பில் அதே அளவு எதிர்பார்க்க வேண்டாம்.) நடுவில் பாயச் சொல்லாதீர்கள். சிரிக்காமல் இருப்பது, "வாடா, பெல் அடிக்கப் போகுது" என்று கேலிக்கு ஆளானவனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போவது, டீச்சரிடம் சொல்வது. இந்த மூன்றும் போதும்.

கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கைகுலுக்க வைப்பது நண்பர்கள் சண்டைக்குச் சரி; ஒருவன் மற்றவனைத் தொடர்ந்து நசுக்கும்போது, அடிபட்டவனுக்கு அது இன்னொரு தண்டனை. வம்பு செய்பவர்களை மட்டும் திரட்டித் தனி வகுப்பு எடுத்தால் ஒருவன் வீரம் பேசுவான், மற்றவர்கள் கைதட்டுவார்கள், கலந்தே வையுங்கள். நடிப்பில் வம்பன் வேடத்தை உண்மையான வம்பனுக்குக் கொடுக்காதீர்கள், அனுபவித்து நடிப்பான்.

ஆசிரியர் இல்லாத இடங்களையும் பாருங்கள்: கழிப்பறை வாசல், சாப்பாட்டு வரிசை, பஸ் ஸ்டாப். அங்கே பத்து நிமிடம் ஒருவர் நின்றாலே மாறும். காயம், மிரட்டல், பணம் பிடுங்குதல் என்று போனால் அது வகுப்பு விஷயம் அல்ல. தலைமை ஆசிரியர், பெற்றோர், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.