திருநெல்வேலியிலேயே நானோ ஆய்வு செய்யலாமா?

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறவர், வெளியூர் போக வசதியில்லை, இங்கேயே நானோவில் பிஎச்.டி. சேர்ந்தால் உருப்படியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகம் மட்டுமில்லை, அதோடு இணைந்த கல்லூரிகள் பலவும் ஆய்வு மையங்கள்தான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஊர் பிரச்சினையே இல்லை.

நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய துகள், தயாரிப்பது சுலபம். சில்வர் நைட்ரேட் கரைசலில் இலைச்சாறு ஊற்றினால் பழுப்பாகும். எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யூவி விசிபிள் கருவியில் 400-450 நானோமீட்டரில் பீக் (உச்சம்) வரும். (அது ஒளியின் அலைநீளம். துகளின் அளவே 420 நானோமீட்டர் என்று வைவா வாய்மொழித் தேர்வில் அடித்துச் சொல்பவர்கள் உண்டு!) அப்புறம்தான் உண்மையான வேலை. எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே படிகத்தில் பட்டுச் சிதறுவதைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்து, அதில் வரும் பீக்கின் அகலத்தை ஷெர்ரர் சூத்திரத்தில் போட்டால் கிடைப்பது படிகத்தின் அளவு. பல படிகங்கள் ஒட்டியே ஒரு துகள் ஆகியிருக்கலாம். கருவியே பீக்கைக் கொஞ்சம் அகலமாக்கும், அதையும் கழிக்க வேண்டும். துகளை நேரில் பார்க்க டெம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடையாது. சாம்பிளை வெளியூருக்கு அனுப்பி, பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும்.

நம்மிடம் தாராளமாக இருப்பது வெயில். ஜிங்க் ஆக்சைடு நானோ தூள் போட்டு மெத்திலீன் ப்ளூ சாயத்தை மொட்டை மாடியிலேயே வெளுக்க வைக்கலாம். ஆனால் ஆய்வு செய்தவர்கள் தூள் போடாத சாயத்தையும் அதே வெயிலில் வைத்துப் பார்த்தார்களா? அந்தச் சாயம் வெயிலில் தானாகவே கொஞ்சம் வெளுக்கும். தூள் போட்டு இருட்டிலும் வைக்க வேண்டும், தூளே சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால். இந்த இரண்டும் இல்லாத ஆய்வேட்டை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

அதனால் சேருவதற்கு முன், கைடாக வரப்போகிறவரின் பழைய மாணவர்களுடைய ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் இறக்கிப் படியுங்கள், இலவசம்தான். டெம் படம் இருக்கிறதா, அளவு எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். முடிந்தால் இப்போது லேபில் இருக்கும் மாணவரிடம், சாம்பிள் அனுப்பும் செலவு யார் கையிலிருந்து போகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

தேசிய அளவில் நடக்கும் நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிட்டால் மாத உதவித்தொகையோடு ஆய்வுச் செலவுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை தனியாக வரும். வசதியில்லை என்கிறீர்கள், முதலில் அதற்குப் படியுங்கள்.