512 ஜிபி என்று திரை காட்டினால் நம்பலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு சாலையோரக் கடையில் 4,500 ரூபாய்க்கு டேப்லெட் வாங்கினேன். அதன் பெயர் ஒரு பிரபல நிறுவனத்தின் பெயரிலிருந்து ஓரெழுத்து மட்டும் மாறியிருக்கிறது. செட்டிங்ஸில் 12 ஜிபி ராம், 512 ஜிபி சேமிப்பிடம் என்று காட்டுகிறது. ஆனால் பாட வீடியோக்களைக் கொஞ்சம் ஏற்றியதுமே இடமில்லை என்கிறது. அடிக்கடி அசையாமல் நின்றும் விடுகிறது. இது பழுதா, ஏமாற்றா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஏமாற்றையே காட்டுகின்றன. செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் எண்களைக் கருவியின் உள்மென்பொருள்தான் எழுதிக் காட்டுகிறது. போலி தயாரிப்பவர்கள் அந்த மென்பொருளைத் திருத்தி, உள்ளே 1 அல்லது 2 ஜிபி ராமும் 16 அல்லது 32 ஜிபி சேமிப்பிடமும் மட்டுமே இருக்கும்போது, தாங்கள் விரும்பிய எண்ணைத் திரையில் தோன்றச் செய்கிறார்கள். உங்கள் ஊர்த் தக்காளி மண்டியில் தராசு முள்ளை முன்கூட்டியே நகர்த்தி வைப்பதற்கு ஒப்பான வேலை இது. ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்ணும் இப்படித் திருத்தப்படுவதுண்டு.

சிபியு-இசட் போன்ற செயலிகள் உள்ளிருக்கும் சிப் எது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்; அவற்றையும் ஏமாற்றும் போலிகள் இருப்பதால், பெரிய கோப்புகளை ஏற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அதை நீங்கள் அறியாமலேயே செய்துவிட்டீர்கள்.

இடம் குறைவதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மலிவான, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு கருவிகள் சிலவற்றில் ‘பேட்பாக்ஸ்’ என்ற தீநிரல் விற்பனைக்கு வரும்முன்பே புகுத்தப்பட்டிருந்தது. ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் அந்நாட்டில் சுமார் 30,000 கருவிகளுக்கும் அவற்றை மறைவில் இயக்கிய சர்வர்களுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டிக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐயும் இது குறித்து எச்சரித்தது. உள்மென்பொருளிலேயே கலந்திருப்பதால், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இது போகாது. ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதிக்குச் சென்று, கூகுளின் பாதுகாப்புச் சான்றான ப்ளே ப்ரொடெக்ட் சான்று பெற்ற கருவிதானா என்று பாருங்கள். சான்று இல்லையென்றால் அதில் ஜிபே, வங்கிச் செயலி எதையும் வைக்காதீர்கள். மகளின் மின்னஞ்சல் கணக்கையும் அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இனி வாங்கும்போது பெட்டியில் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ‘ஆர்-’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021-ஆம் ஆண்டின் ஆணைப்படி டேப்லெட்டுகளுக்கு இது கட்டாயம். முத்திரையை யாரும் அச்சடித்துவிட முடியும் என்பதால், ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டு, நிறுவனத்தின் பெயர் பொருந்துகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கையில் இருப்பது ஐயாயிரம் ரூபாய்தான் என்றால், பளபளக்கும் புதுப் போலியைவிட, நல்ல நிறுவனத்தின் பழைய டேப்லெட்டைப் பில்லோடு வாங்குவதே பிள்ளையின் படிப்புக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இத்தகைய டேப்லெட் ஒன்றின் பின்மூடி உப்பி மேலெழும்பியிருக்கிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா? (அரூர் வாசகி)

பதில்: கூடாது, அம்மா. பேட்டரி வீங்கியிருக்கிறது, தீப்பிடிக்கக்கூடும். சார்ஜ் போடாமல் அணைத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். குப்பையில் எறியாமல் மின்கழிவு பெறுமிடத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: பில் கொடுக்காத கடைக்காரர், திரும்ப எடுக்கவும் மறுக்கிறார். வழி உண்டா? (ஓசூர் வாசகர்)

பதில்: உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடப்படாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. யுபிஐ மூலம் பணம் கட்டிய பதிவு, பெட்டி, திரையின் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும்.