பன்னீர்த் திராட்சையை அகற்றிவிட்டு ஏற்றுமதி ரகம் நடலாமா?

வணக்கம் ஐயா. கம்பம் அருகே இரண்டு ஏக்கரில் பன்னீர்த் திராட்சை வைத்திருப்பதாகவும், மழையில் பழம் வெடித்து நட்டமானதால் ஏற்றுமதிக்காக விதையில்லா ரகத்துக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடிகளை இப்போது அகற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

விதையில்லாத் திராட்சையை ஏற்றுமதி செய்யும் மகாராஷ்டிரத்தின் நாசிக் விவசாயிகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கவாத்து செய்து (கொடியின் கிளைகளை வெட்டிச் சீர்செய்து), ஆண்டுக்கு ஒரே அறுவடையை மழையற்ற மாதங்களில் எடுக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் பள்ளத்தாக்கில் அக்டோபர் கவாத்து செய்தால், இளந்தளிரிலும் பூவிலும் அடிச்சாம்பல் நோய் தாக்கும் அபாயம் அதிகம். தவிரவும், ஐரோப்பாவுக்குச் செல்லும் பழத்தில் மருந்து எச்சம் கடுமையாகச் சோதிக்கப்படுவதால், தோட்டப் பதிவு, தெளிப்புக் கணக்கு, குளிர்பதன வசதி ஆகிய அனைத்தையும் இரண்டு ஏக்கரை நம்பித் தனியாகச் சுமப்பது கடினம். பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

நம் மண்ணின் பலம் ஆண்டு முழுவதும் காய்க்க வைக்க முடிவதுதான். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதங்களில் அறுவடைக்கு வரும். அந்தக் கோடைப் போகத்தையே முதன்மையாக வைத்துக்கொண்டு, மழையில் சிக்கும் போகத்தில் கொடிக்கு ஓய்வு கொடுங்கள். பன்னீர்த் திராட்சை சாறுக்கும் ஏற்றது என்பதால், சந்தை விலை சரியும் நாட்களில் சாறு ஆலைகளிடமும் விசாரியுங்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீட்டையும் பெட்டியில் முறைப்படி பயன்படுத்தலாம்.

புது ரகத்தை முயல விரும்பினால், ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசித்த பிறகு, ஓர் ஓரத்தில் சில வரிசைகள் மட்டும் நட்டுப் பாருங்கள்.